ஓடி ஓய்ந்தவற்றிற்கு ஓர் இல்லம்

பந்தயம் என்பது மக்கட் கூட்டத்திற்குப் பெருங்களிப்பைத் தருவது. ஓடுவது குதிரையாயினும், நாயாயினும், காளையாயினும், ஒன்றை ஒன்று முந்துவதைக் காணுங்கால் காண்போர் உள்ளமும் உடன் ஓடுகின்றது. அக்களிப்பைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயின், ஓட்டமோ சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றது. ஓடிய பிராணியின் வாழ்வோ அதன் பின்னும் பல ஆண்டுகள் நீள்கின்றது. அவ்வாண்டுகளில் அதற்குத் தீனியிடுவோர் யார், நிழல் தருவோர் யார் என்னும் வினாவைக் கைதட்டினவருள் எத்துணைப் பேர் தம்முள் எழுப்பியிருப்பர்? அவ்வினாவையே நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், சிறப்பாகத் திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தொழில் நடத்தும் பழைய மாணவர்க்கும் முன் வைக்க விரும்புகின்றோம்.

கொங்கு நாட்டிற் பந்தயம் என்றால் ரேக்ளாவே முதலில் நினைவுக்கு வரும். இலகுவான சிறு வண்டியில் இரண்டு காளைகளைப் பூட்டி, 200 மீட்டர், 300 மீட்டர் என வகுத்த நேர்வழியில் ஓட்டி, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கருவியாற் கணக்கிட்டு, குறைந்த நேரத்தில் எல்லையைக் கடந்த வண்டிக்குப் பரிசளிப்பர். காளைகளைப் பல்லின் கணக்கால் இளையன, முதிர்ந்தன எனப் பிரிப்பதும் உண்டு. தங்கக் காசும் மோட்டார் சைக்கிளும் பரிசாவதுண்டு. முற்காலத்தில் உழவர் மட்டுமே வளர்த்த இக்காளைகளை இக்காலத்தில் பனியன் கம்பெனி நடத்துவோரும் பெருமைக்காக வளர்க்கின்றனர். வென்ற காளையின் படம் வீட்டுக் கூடத்திலும் கம்பெனி அலுவலகத்திலும் மாலையுடன் தொங்குவதைக் காணலாம்.

இக்காளைகளிற் பல காங்கயம் இனத்தைச் சேர்ந்தவை. பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் இவ்வினத்தைப் போற்றி வளர்த்துப் புகழ் பெற்றமை யாவரும் அறிந்ததே. மழை குறைந்த இந்நிலத்தில், கிளுவை வேலி சூழ்ந்து, வெள்வேல் மரம் நின்று, கொழுக்கட்டைப்புல் படர்ந்த கொறங்காடுகளில் மேய்ந்து வளர்ந்த இவ்வினம், கவலை இறைப்பதற்கும், ஏர் இழுப்பதற்கும், பாரம் சுமப்பதற்கும் உரியதாய் இருந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் தோன்றிய பின்னர்க் கிணறுகளில் மின்சாரப் பம்பு மெல்ல மெல்ல இடம்பெற, கவலை மறைந்தது. டிராக்டர் வந்தது, ஏர் மறைந்தது. லாரி வந்தது, பாரவண்டி மறைந்தது. உழவர் மக்கள் தையல் இயந்திரத்தையும் பின்னல் இயந்திரத்தையும் நாடிச் சென்றனர். இங்ஙனம் வேலைகள் ஒவ்வொன்றாக நீங்கியபின், காளைக்கு எஞ்சிய சில வேலைகளுள் ஓட்டமும் ஒன்றாயிற்று.

அவ்வோட்டத்தைப் பற்றிய வழக்கு அண்மைக் காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2017 ஜனவரியில் மாணவர்கள் கடற்கரையிலும் தெருக்களிலும் திரண்டனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தமிழ்நாடு, மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் இத்தகைய சட்டங்கள் செல்லும் என ஐந்து நீதிபதிகள் கூடிய அமர்வு 2023 மே 18-ஆம் நாள் கூறிற்று. காளையை ஓட்டலாமா, ஓட்டுங்கால் அடிக்கலாமா, வாலை முறுக்கலாமா என்பனவெல்லாம் நன்கு விவாதிக்கப்பட்டன. நாட்டு இனம் அழியாதிருக்கப் பந்தயம் வேண்டும் என்று ஒரு சாராரும், பிராணியைத் துன்புறுத்தி இனத்தைக் காக்க வேண்டா என்று மற்றொரு சாராரும் வாதித்தனர். இரு சாராரும் பந்தய நாளைப் பற்றியே பெரிதும் பேசினர். பந்தயத்தின்றும் நீங்கிய காளை ஒருவர் நாவிலும் பெரிதாக இடம்பெறவில்லை.

அக்காளையின் கதி யாது? காலில் நோவு கண்டாலும், இணை பிரிந்தாலும், நேரம் ஒரு விநாடி மிகுந்தாலும் அது சந்தைக்குப் போகின்றது. அங்குத் தரகரும் வாங்குவோரும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகின்றனர். ஓட்டத்தின் விலை மறைந்து இறைச்சியின் விலையே எஞ்சுகின்றது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்திற்கும் உதவாதது என்றோ, காயத்தாலும் தீராத நோயாலும் நிலையாக உதவாமற் போனது என்றோ சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம் என்கின்றது. நன்கு பேணப்பட்ட மாடு பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. ஆகவே, ஓட்டம் ஓய்ந்த நாளுக்கும் இயற்கையான முடிவுக்கும் இடையே கிடக்கும் நெடுங்காலத்தைக் கடத்துவிக்க ஒருவரும் பொறுப்பேற்கவில்லை என்பதே உண்மை.

பந்தயத்தை விட்ட பிராணியை இல்லத்தில் வைத்துக் காக்கும் வழக்கம் உலகில் எங்கேனும் உண்டோ எனின், உண்டு. மேல்நாடுகளில் கிரேஹவுண்டு என்னும் ஒல்லியான வேட்டைநாயை வைத்துப் பந்தயம் நடத்துவர். இயந்திர முயல் ஒன்று முன்னே ஓட, நாய்கள் அதனைத் துரத்தும். இங்கிலாந்தில் 1926-ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரின் பெல்வியூவில் இப்பந்தயம் தொடங்கிற்று. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடவல்ல அந்நாய், நான்கு அல்லது ஐந்து வயதிற்குள் பெரும்பாலும் ஓட்டத்தை விட்டுவிடுகின்றது. அதன் ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகள் வரை நீள்வது. ஓய்ந்த நாய்களைக் கொன்றுவிடும் கொடுமை அங்கும் நெடுங்காலம் இருந்தது. அதனைக் கண்டு வெட்கியோர் அந்நாய்களைக் குடும்பங்களில் சேர்ப்பிக்கத் தலைப்பட்டனர். அதற்கென இங்கிலாந்தில் 1975-இல் ஓர் அறநிலையம் எழுந்தது.

அந்நாய் வீட்டிற்கு வந்து வாழும் முறை நாம் அறியத்தக்கது. பிறந்தது முதல் கொட்டிலில் தன் இனத்தோடு வளர்ந்த அதற்குப் படிக்கட்டு தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. வெறுந்தரையில் நடக்கவும் அது தயங்கும். ஓட்டத்திற் காற்றெனப் பாயும் அப்பிராணி வீட்டிலோ நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கும். உறங்குங்கால் திடீரெனத் தொட்டால் வெருண்டு சீறுவதும் உண்டு. ஆதலின் குழந்தைகளுக்கு அதனை முன்னரே கற்பிப்பர். உடலிற் கொழுப்புக் குறைவாதலால் குளிருக்கு மேற்போர்வையும் படுக்க மெத்தென்ற இடமும் வேண்டும். பூனையையும் சிறு நாயையும் முயலென்று எண்ணித் துரத்துமாதலால், வெளியே கயிற்றில் கட்டியே அழைத்துச் செல்வர். சில மயக்க மருந்துகள் அதன் உடலில் நெடுநேரம் தங்கிவிடும். ஆகவே மருத்துவர் தனிக் கவனம் கொள்வர். இவற்றையெல்லாம் கேட்டறிந்து, வீட்டைக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே நாயை ஒப்படைப்பர். இரக்கம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

பந்தயத்தையே ஒழித்துவிட்டால் இத்தொல்லை இல்லையே என்பாரும் உளர். அவர்கள் மக்காவில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்பாராக. அங்கிருந்த நாய்ப் பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டது. திடலுக்குள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் எஞ்சி நின்றன. ஜீவகாருண்யத் தொண்டர்கள் அவற்றைப் பேணி, இத்தாலி முதலிய தூர நாடுகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிற்கும் வீடு தேட வேண்டியதாயிற்று. அவ்வாண்டே அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்களும் வாக்களித்து நாய்ப் பந்தயத்தை நிறுத்த முடிவு செய்தனர். ஆயினும் 2020 முடிய அவகாசம் தந்தனர். பந்தயம் ஒரு தீர்ப்பாலோ வாக்காலோ நிற்கும்; பிராணியின் பசி அவ்வாறு நிற்பதில்லை. ஆகவே, பந்தயம் வேண்டும் என்போர்க்கும் வேண்டா என்போர்க்கும் இக்கடமை பொதுவானதே.

நிற்க. எம் இல்லத்துக் கட்டுத்தரையில் ஓடி ஓய்ந்த ரேக்ளாக் காளை ஒன்று ஆறாண்டுகளாக நிற்கின்றது. முன்னங்காலில் வீக்கம் கண்டு ஓட்டத்தினின்று நீங்கிய அதனை, இன்ன விலைக்குத் தந்துவிடலாம் என்று தரகர் ஒருவர் எம் வீட்டுப் பெரியவரிடம் வந்தார். "ஏனுங்க, ஓடாத மாட்டுக்குத் தீவனம் எதுக்குங்க?" என்று அவர் கேட்டார். "ஓடுனப்பக் கைதட்டுனது நாமதானுங்களே" என்பதே பெரியவர் தந்த விடை. அதன்பின் விலைப்பேச்சு எழவில்லை.

அக்காளையோடு வாழ்வது எளிதென்று நாம் சொல்லமாட்டோம். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் பயறுமாக ஊட்டி வளர்த்த உடலை ஒரே நாளில் வெறுஞ் சோளத்தட்டுக்குத் திருப்ப இயலாது. மருத்துவர் சொற்படி சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தோம். சிமெண்டுத் தரை கால் நோவுக்கு ஆகாதாதலால் மண் தரை அமைத்தோம். அது நுகத்தின் வலப்புறம் பழகிய காளை. இன்றும் கட்டுத்தரையில் இடப்பக்கத்தை ஒரு மாட்டுக்கு விட்டே நிற்கின்றது. முன்னொரு காலத்தில் அங்கே நின்ற இணை எந்தச் சந்தையிற் போயிற்றோ அறியோம். ஊர்த் திருவிழாவில் கொட்டு முழங்கினால் அதன் உடல் நடுங்கும், மூச்சு மிகும், வண்டி எங்கே என்று தேடுவதுபோலத் தலை திருப்பும். அத்தகைய நாட்களில் எம் அப்பத்தா அதன் அருகே அமர்ந்து திமிலைத் தடவிக்கொண்டிருப்பார். குழந்தைகள் முன்புறமாக வந்து, அது காணும்படி நின்றே தீனியிட வேண்டும் என்பது எம் வீட்டுச் சட்டம். இன்று அது கால் நோவு இல்லாத நாட்களில் தோட்டத்துத் தீவனத்தை ஒற்றை வண்டியில் மெல்ல இழுத்து வருகின்றது. அதன் சாணம் நிலத்திற்கு எருவாகின்றது. ஓட்டத்தையே அறிந்த பிராணி நடக்கக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

இவ்வாறாண்டுகளில் நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. இப்பகுதியில் ஓய்ந்த காளைக்குத் தீனிப் பஞ்சத்தினும் ஆட்பஞ்சமே பெரிது. காலை எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து ஆண் பெண் யாவரையும் ஏற்றிச் சென்றுவிடுகின்றது. மிகைநேர வேலை உள்ள நாட்களில் அவர்கள் திரும்பும்போது இரவாகின்றது. நண்பகலில் மாட்டை நிழல் மாற்றிக் கட்டவும், தண்ணீர் காட்டவும் வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும். எம் இல்லத்தில் முதியோர் இருத்தலால் அது இயல்கின்றது. இரண்டு அறையுள்ள வாடகை வீட்டில், வாசலில் ஒரு முளை அடித்து, இரக்கத்தால் காளை ஒன்றைக் கட்டிவைப்போர் அதற்கு நன்மை செய்பவராகார். கிரேஹவுண்டு நாயைத் தரும் அமைப்பினர் வீட்டைப் பார்த்தே தருவதன் காரணம் இதுவே.

ஆதலின், இக்கடமை தனி வீடுகளின் இரக்கத்தால் மட்டும் நிறைவேறுவதன்று, ஏற்பாடு வேண்டும். இங்கிலாந்தின் பந்தய வாரியத்தார் 2020-இல் ஒரு முறையைத் தொடங்கினர். ஒவ்வொரு நாயும் பந்தயத்திற்குப் பதியும்போதே அதன் பிற்காலத்திற்கென, தொடங்கிய காலத்தில், 400 பவுன் பிணைத்தொகை வைக்கப்பட்டது. அதில் ஒரு பாதி உரிமையாளருடையது, மற்றொரு பாதி வாரியத்தினுடையது. நாய் ஓய்ந்து இல்லம் சேரும்போது, சேர்ப்பிக்கும் நிலையத்திற்கு அத்தொகை உரியதாகும். இதனினும் எளிய உவமை திருப்பூரிலேயே உண்டு. 1952-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வருங்கால வைப்புநிதி முறைப்படி, தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டும், முதலாளியின் பங்காக அதே அளவும் பொதுவாக மாதந்தோறும் செலுத்தப்படுகின்றன. உழைக்கும் நாளிலேயே ஓய்வு நாளுக்குச் சேமிக்க வேண்டும் என்னும் நெறி நம் பனியன் கம்பெனிகளுக்குப் புதிதன்று. அந்நெறியைக் காளைக்கும் நீட்டுக என்பதே நம் கோரிக்கை.

அதனை நடத்தும் வழியையும் கூறுவோம். மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த தோடு அணிவிக்கும் முறை அரசினரால் நடத்தப்பட்டு வருகின்றது. ரேக்ளாக் குழுவினர் அவ்வெண்ணைப் பதிந்தே காளையைக் களத்தில் ஏற்பாராக. நுழைவுக் கட்டணத்திலும் பரிசிலும் ஒரு பங்கை அவ்வெண்ணின்மேல் பொதுக் கணக்கில் வைப்பாராக. காளை கைமாறும்போது கணக்கும் உடன் மாறட்டும். ஓட்டம் ஓய்ந்தபின், அதனை வைத்துக் காப்பவர்க்கு, கால்நடை மருத்துவர் ஆண்டுதோறும் பார்த்துச் சான்றளிக்க, அத்தொகை தவணையாகச் சேரட்டும். இல்லத்தில் இடமில்லாத காளைகளுக்கென, பயிரின்றிக் கிடக்கும் கொறங்காடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, மாட்டின் மனம் அறிந்த முதியோர் இருவரைக் கூலிக்கு அமர்த்தினால், அவர்க்கும் பிழைப்பாகும், காளைக்கும் நிழலாகும்.

இதற்குச் சொல்லப்படும் தடைகள் மூன்று. ஏழை உழவன் எங்ஙனம் பணம் கட்டுவான் என்பது முதல் தடை. பரிசு வாங்கும் இடத்திலேயே பங்கு பிடிக்கப்படுமானால் சுமை வென்றவன்மேலேயே பெரிதும் விழும். பெருமைக்காகக் காளை வளர்ப்போர்க்கு அது சுமையும் ஆகாது. மாட்டை விற்கும் உரிமை உழவனுக்கு வேண்டாவோ என்பது இரண்டாவது. விற்பதை நாம் தடுக்கவில்லை. வைத்திருந்தால் உதவி உண்டு என்னும் மற்றொரு வழியைத் திறக்கின்றோம். இன்று அவ்வுழவனுக்கு விற்பது ஒன்றே வழியாய் இருத்தலால், அதனை உரிமை என்பதினும் நெருக்கடி என்பதே பொருந்தும். மனிதரே வறுமையில் வாடும்போது மாட்டுக்கு ஓய்வூதியமா என்பது மூன்றாவது. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. கண் மங்கியும் கை தளர்ந்தும் கம்பெனியை விட்டு நின்ற தொழிலாளர் பலர் நம் தெருக்களில் உள்ளனர். அவர்க்கு முறையாக நிதி கட்டப்பட்டதா என்று முதலிற் கேட்க வேண்டியதே. ஆயினும், காளையைக் கைவிடுவதால் அத்தொழிலாளிக்கு ஒரு காசும் மிகுவதில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவரை மறத்தல் என்னும் ஒரே பழக்கமே இரண்டிடத்தும் நிற்கின்றது. ஓரிடத்தில் அதனைக் கண்டு நாணுவோர் மற்றோரிடத்திலும் நாணுவர் என்பது நம் நம்பிக்கை.

பழைய மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் பந்தயக் காளைகளை உடையீர். பலர் பந்தயங்களுக்குப் பரிசு வழங்குகின்றீர். அடுத்த பரிசை அறிவிக்கும்போது, அதில் ஒரு பங்கு காளையின் பிற்காலத்திற்கு என்று ஒரு வரி சேர்த்து அறிவியுங்கள். ஒரு குழு அங்ஙனம் செய்தால் மற்றக் குழுக்களும் பின்பற்றும். மாணவர்களே! 2017-இல் காளைக்காகத் தெருவில் நின்றவர்கள் உங்களைப் போன்ற மாணவர்களே. அவர்கள் பெற்றுத் தந்தது ஓடும் உரிமை; ஓய்வுக்குரிய இடம் இன்னும் பெறப்படவில்லை. உங்கள் ஊரில் ஓட்டம் ஓய்ந்த காளை எத்தனை, அவற்றை வைத்துக் காக்க இடமும் ஆளும் உள்ள வீடு எத்தனை என்று விடுமுறையில் எண்ணி வாருங்கள். வீடு வீடாகச் சென்று எழுதிய அப்பட்டியல் ஒன்று நம் கையில் இருந்தால், குழுவினரிடமும் அரசினரிடமும் சென்று பேச நமக்கு வாய் உண்டாகும். வரும் தைத் திங்களில் பந்தயங்கள் மீண்டும் தொடங்கும். அதற்கு முன் அவ்வேலையைத் தொடங்குவோமாக.